32 ஜிபி ராம்ல 500 எம்பி கூட ஃப்ரீ இல்ல, மெமரி லீக்கா?

சில்க்போர்டு_சிக்னல்:
மக்களே ஒரு டவுட். எலக்ட்ரானிக் சிட்டில ஆபீஸ், உபுண்டு சர்வர், 32 ஜிபி ராம், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் மட்டும் ஓடுது. ரீஸ்டார்ட் பண்ண புதுசுல ஃப்ரீ நிறைய இருக்கு, சாயங்காலம் ஃப்ரீ கமாண்ட் அடிச்சு பாத்தா ஃப்ரீ காலம்ல 500 எம்பி கூட இல்ல, பஃப்/கேஷ் காலம்ல 22 ஜிபி உக்காந்திருக்கு. முன்னாடி இருந்தவர் மணிக்கு ஒரு தடவ ட்ராப் கேஷஸ் (கேஷ காலி பண்ற கமாண்ட்) அடிக்க க்ரான் (நேரத்துக்கு தானா ஓடற வேலை) போட்டு வச்சிருக்கார், அது ஓடுனா ஃப்ரீ ஏறுது ஆனா ரிப்போர்ட் எல்லாம் உடனே ஆமை வேகம். மேனேஜர் ராம் வாங்கிடலாமாங்கறார்.

பிடிஎம்_பிஜி_வாசி:
லீக்லாம் இல்ல ப்ரோ, ப்ரோகிராம் ராம எடுத்துட்டு திருப்பி குடுக்காம இருந்தா தான் அது லீக். டிஸ்க்ல படிச்ச ஃபைல கர்னல் (ஓஎஸ்ஸோட மையம்) சும்மா கிடக்குற ராம்ல வச்சுக்கும், அடுத்த தடவ டிஸ்க்குக்கு போக வேணாம்ல, யாராவது ராம் கேட்டா அத தூக்கிட்டு குடுத்துரும். உங்க க்ரான் அந்த கேஷ மணிக்கு ஒரு தடவ காலி பண்ணுது, அப்புறம் எல்லாத்தையும் மறுபடி எஸ்எஸ்டில இருந்து படிக்கணும், ஸ்லோ ஆகாம என்ன ஆகும். ஃப்ரீ காலம விடுங்க, அவைலபிள் (யாராவது கேட்டா நிஜமா குடுக்க முடியற ராம்) எவ்ளோ?

சில்க்போர்டு_சிக்னல்:
14. ஆனா கேஷே 22 இருக்கே ப்ரோ, மீதி எங்க போச்சு?

பழைய_டிபிஏ:
ஷேர்டு காலம்ல 8 ஜிபி காட்டுதா தம்பி? அது போஸ்ட்கிரஸோட ஷேர்டு பஃபர்ஸ், அதாவது டேட்டாவ வச்சுக்கற அதோட சொந்த கேஷ், ராம்ல 25 சதவீதம்னு அவங்க டாக்குமெண்ட்லயே சொல்லிருக்கறத அப்படியே வச்சிருப்பாங்க. கேஷ் கணக்குல தான் வரும் ஆனா கர்னல் அத தூக்கி எறிய முடியாது, வேணும்னா ஸ்வாப்புக்கு (ராம் பத்தலன்னா டிஸ்க்ல ஒதுக்கி வச்ச இடம்) தள்ளலாம் அவ்ளோதான். இதனால தான் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டி கணக்கு போடறது தப்பு, 2014ல 3.14 கர்னல்ல அவைலபிள் கணக்க கொண்டு வந்ததே இதுக்குத்தான். ட்ராப் கேஷஸும் ஷேர்டு பஃபர்ஸ தொடாது, டிஸ்க்ல இன்னும் எழுதாத டர்ட்டி பேஜையும் தொடாது. பெஞ்ச்மார்க் எடுக்கறவனுக்கு தான் அந்த கமாண்ட், ப்ரொடக்‌ஷன்ல க்ரான்ல போட்டவர கும்பிடணும்.

மல்லேஸ்வரம்_மச்சி:
விண்டோஸ்லயும் இதே கதை தான், அங்க ஸ்டாண்ட்பைனு பேரு. ராம் க்ளீனர் ஆப் விக்கறவன் பொழப்பே இத வச்சு தான் ஓடுது 😂

சில்க்போர்டு_சிக்னல்:
ஆமாண்ணா, ஷேர்டு 8 தான். அப்போ க்ரான தூக்கிடவா? ராம் வேணாம்னு மெயில் போட்டுடவா?

பழைய_டிபிஏ:
க்ரான தூக்கு. மெயிலுக்கு அவசரப்படாத, பெரிய ரிப்போர்ட் ஓடறப்ப விஎம்ஸ்டாட் 1 போட்டு எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்ல இருந்து ராமுக்கு வர்றது, ராம்ல இருந்து ஸ்வாப்புக்கு போறது) ரெண்டையும் பாரு. எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வந்தா பரவால்ல, விடாம ஓடிட்டே இருந்து அவைலபிளும் தரை தட்டுச்சுன்னா மேனேஜர் சொல்றது கரெக்ட், ராம் வாங்குங்க. முதல்ல வொர்க் மெம் (சார்ட் மாதிரி வேலைக்கு போஸ்ட்கிரஸ் எடுக்கற ராமோட லிமிட்) எவ்ளோ வச்சிருக்காங்கன்னு பாரு, அது ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியா எடுக்கும்.