சிங்கமீன் இருக்கும் தொட்டியில் துப்புரவு இறாலை விடலாமா?

திருநெல்வேலியான்:
வணக்கம். நான்கடி நீளமும் ஏறத்தாழ 400 லீற்றர் கொள்ளளவும் உள்ள கடல்நீர்த் தொட்டியில் எட்டு மாதமாகச் சிங்கமீன் ஒன்றை வளர்த்து வருகிறேன். வாங்கும்போது விரல் நீளமே இருந்தது. இப்போது 14 சென்ரிமீற்றரைத் தொட்டுவிட்டது. சிவந்த முதுகின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும் துப்புரவு இறால்கள் இரண்டை அதனோடு சேர்த்து விட விரும்புகிறேன். நண்பர்கள் தடுக்கிறார்கள். ஆனால், கலவாய், அஞ்சாளை போன்ற கொன்றுண்ணிகளின் வாய்க்குள்ளேயே புகுந்து, ஒட்டுண்ணிகளையும் இறந்த தோலையும் கொறித்துவிட்டு உயிரோடு வெளியே வருபவை இந்த இறால்கள். முருகைக்கற்பாறையில் நடப்பது என் தொட்டியில் ஏன் நடக்கக்கூடாது?

நல்லூர் உவர்நீர்:
தலைப்பை முதலில் பார்த்தபோது சிங்க இறால் பற்றிய பேச்சு என்றே நினைத்தேன். நம் ஊரில் அந்தப் பெயர் கறிச்சட்டியோடு ஒட்டியது அல்லவா? நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய அங்கேதான் போய் முடியும். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், தம்பி: உங்கள் மீனுக்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள்?

திருநெல்வேலியான்:
சந்தையில் வாங்கும் இறாலை உரித்து, துண்டாக்கி, கிழமைக்கு மூன்று தடவை இடுக்கியால் கொடுக்கிறேன். தொடக்கத்தில் உயிரற்ற தீனியை அது தொடவேயில்லை. இடுக்கியை மெல்ல ஆட்டி ஆட்டித்தான் பழக்கினேன்.

நல்லூர் உவர்நீர்:
பதில் உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. மேலேயிருந்து ஆடிக்கொண்டு இறங்கும் இறால் தனக்கான உணவு என்று எட்டு மாதமாக அந்த மீனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நாளை பையிலிருந்து துப்புரவு இறாலை விடும்போது அதுவும் மேலேயிருந்து ஆடிக்கொண்டுதான் இறங்கும். பாறையடியைப் போய்ச் சேரும் முன்பே கதை முடிந்துவிடும். என் முதல் தொட்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். விற்றவர் “ஒன்றும் செய்யாது” என்று உறுதி கூறிய இறால் அரை நிமிடம்கூட இருக்கவில்லை. பிழை அவருடையது மட்டுமல்ல, கேட்டு நம்பிய என்னுடையதும்தான்.

சிங்கமீன் துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல. மார்புச் செட்டைகளை விசிறிபோல விரித்து இரையை மூலையில் ஒதுக்கும். சில வேளை வாயால் நீரைப் பீய்ச்சி, இரை தன் பக்கம் தலையைத் திருப்பும்படி செய்யும். பிறகு ஒரே உறிஞ்சில் விழுங்கிவிடும். தன் உடல்நீளத்தில் பாதியளவான இரையையும் விழுங்கக்கூடிய மீனுக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர் இறால் ஒரு பொருட்டே அல்ல.

பாசையூர்க் கடலோடி:
கடலட்டைக்கும் சங்குக்கும் பல ஆண்டுகள் முக்குளித்தவன் என்ற முறையில் ஒரு சொல். நம் பாக்குநீரிணையின் கலங்கல் நீரில் இதைத் தெளிவாகப் பார்ப்பது அரிது. திருகோணமலைப் பக்கம் புறாத்தீவில் நான் பார்த்திருக்கிறேன். பாறை இடுக்கின் வாசலில் இறால் நின்று வெண்மையான நீண்ட மீசையை அசைக்கும், உடலைப் பக்கவாட்டில் ஆட்டும். கலவாய் அருகே வந்து வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும். அது பசியோடு திரிகிற அதே கலவாய்தான். ஆகவே மீனுக்கு இறாலை இனங்காணத் தெரியாது என்று நல்லூர்க்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இறாலை முதலில் குடியேற்றி, அது தனக்கென ஓர் இடத்தைப் பிடித்த பிறகு மீனை விட்டால் பலன் வேறாக இருக்கலாம். இப்போது மீன் முந்திக்கொண்டுவிட்டது என்பதால், தடுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டு அதனைச் சில நாள் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, இறாலைக் குழாய் வழியாகப் பாறையடியில் இறக்கிப் பாருங்கள். தீனியையும் மாற்றுங்கள், நெத்தலி கொடுங்கள்.

நல்லூர் உவர்நீர்:
அண்ணை, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கலவாய் தானாகத் தேடி வருகிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது. பசித்தால் வேட்டையாடப் பரந்த கடல் இருக்கிறது. தொட்டியில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. இரண்டும் இரவு பகலாக நான்கடிக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்க வேண்டும். அந்த உடன்பாடு பாறை வாசலுக்கு உரியது. அதை இறாலோடு சேர்த்துப் பையில் கட்டிக் கொண்டுவர முடியாது. சிங்கமீன் அந்தியிலும் விடியலிலும் தீவிரமாக வேட்டையாடுவது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். நீங்கள் நித்திரையாகும் நேரத்தில் தடுப்பை எடுத்த தொட்டிக்கு யார் காவல்?

செதிலும் ஓடும்:
மீன்பிடியியல் படித்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். எல்லாக் கொன்றுண்ணிகளையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் இந்த வாதம் முடிவதில்லை. அஞ்சாளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கூரிய பற்கள் உள்ளவை பெரும்பாலும் மீன் தின்பவை. அவற்றோடு துப்புரவு இறால்கள் நீண்ட காலம் வாழ்ந்த தொட்டிகள் உண்டு. வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்டதும், கடைகளில் மலிவாகக் கிடைப்பதுமான சிறிய அஞ்சாளைக்கோ மழுங்கிய பற்கள். அவை நண்டையும் இறாலையும் நொறுக்குவதற்கென்றே அமைந்தவை. பெரிய கிளாத்திகளும் அப்படியே. சிங்கமீன் இளமையில் இறால் வகைகளையே அதிகம் தின்று, வளர வளர மீனுக்கு மாறுகிறது. 14 சென்ரிமீற்றர் என்றால் உங்கள் மீன் இன்னும் இளசு. தவறான வயதில் இறாலைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

இறால் ஓடு கழற்றும் நாளையும் யாரும் குறிப்பிடவில்லை. சில கிழமைகளுக்கு ஒரு தடவை ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை அது மெத்தென்று ஒளிந்து கிடக்கும். அதுவரை அதைச் சட்டை செய்யாத மீன்கூட அன்று தின்றுவிடும்.

கடலோடி அண்ணை சொன்ன நெத்தலியை மட்டுமே தொடர்ந்து கொடுப்பதும் நல்லதல்ல. நெத்தலி வகைகளில் விற்றமின் பி1-ஐச் சிதைக்கும் நொதியம் உண்டு. கணவாயும் வேறு மீன்சதையும் கலந்து கொடுங்கள்.

இன்னொன்று, திருநெல்வேலியாரே: அந்தத் தொட்டியில் வெண்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்து எப்போதாவது ஊற்றினீர்களா?

திருநெல்வேலியான்:
ஐந்து மாதத்துக்கு முன் ஊற்றினேன். பிறகு நான்கைந்து தடவை நீர் மாற்றிவிட்டேன்.

செதிலும் ஓடும்:
அப்படியானால் சிங்கமீனைப் பற்றிய வாதமே இரண்டாம் பட்சம். செப்பு முருகைக்கல்லிலும் சுண்ணாம்பு மணலிலும் படிந்து, பின்பு மெல்ல மெல்ல நீருக்குத் திரும்பக்கூடியது. மீன் தாங்கும் அளவு இறாலைக் கொன்றுவிடும். முதலில் செப்புச் சோதனைப் பொதி வாங்கி நீரைப் பாருங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றுகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதி.

பாசையூர்க் கடலோடி:
செப்பு விடயத்தில் நான் வாயடைத்துப் போனேன். மற்றதில் என் எண்ணம் மாறவில்லை. வளர்ந்த மீனும் முன்பே குடியேறிய இறாலும் என்றால், ஒரு தடவையாவது முயன்று பார்ப்பதில் தவறில்லை.

நல்லூர் உவர்நீர்:
முயன்று பார்ப்பது நாம். விலை கொடுப்பது இறால். சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும்போது மீனுக்குப் பசியும் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள், அண்ணை.

திருநெல்வேலியான் (ஏழு கிழமைக்குப் பின்):
எல்லோருக்கும் நன்றி. நீரில் செப்பு இன்னும் தென்பட்டதால் பழைய மணலையும் கற்களையும் அகற்றினேன். சோதனையில் ஒன்றும் காட்டாத நிலை வந்த பிறகே இறால்களை வாங்கினேன். மேல்தொட்டியில் விடத் துணிவு வரவில்லை. கீழே அலுமாரிக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டியில், வலைத் தடுப்புக்கு அப்பால், சிறு விளக்கோடு இரண்டையும் விட்டிருக்கிறேன். ஒரே நீர்தான், இரண்டு வீடுகள். அலுமாரிக் கதவைத் திறந்தால் கையருகே வந்து நகத்தைக் கொறிக்கின்றன.

இவ்வினத்தில் வளர்ந்த ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் செயற்படும் என்பதால், கிடைத்த இரண்டே சோடியாகிவிட்டன. ஒன்றின் வயிற்றடியில் பச்சை முட்டைகள் இருந்தன. முந்தாநாள் இரவு விளக்கணைந்த பிறகு அவை பொரித்து, தூசி போன்ற குஞ்சுகள் பம்பியின் வழியே மேல்தொட்டிக்கு ஏறிவிட்டன. ரோச் வெளிச்சத்தில் பார்த்தேன்: சிங்கமீனின் மூக்குக்கு முன்னாலேயே நூற்றுக்கணக்கில் மிதந்தன. அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நல்லூர் உவர்நீர்:
கடலோடி அண்ணை இதைத் தன் வெற்றி என்று சொல்லப்போகிறார்.

பாசையூர்க் கடலோடி:
சொல்லத்தான் வந்தேன்.