டைக்கோவில் அடி தவறுவது யாரால்: ஃப்ரேம் ரேட்டா, கேலிப்ரேஷனா?

மத்தளக்காரன்: நின்டெண்டோ ஸ்விட்ச்சில் டைக்கோ நோ டாட்சுஜின் (பாட்டுக்கு ஏத்த மாதிரி மத்தளம் அடிக்கிற ஜப்பானிய வீடியோ கேம்) ஆடுறேன். கேலிப்ரேஷன் (படமும் சத்தமும் எவ்வளவு தாமதமா வருதுன்னு அளந்து ஈடுகட்டறது) பண்ணியாச்சு, 180 மில்லிசெகண்ட் வந்துச்சு. ஆனாலும் கஷ்டமான ஓனி லெவல்ல பாதி அடி, நேரம் துல்லியமா இருந்தா வர்ற 'குட்' ஆகாம, அதுக்குக் கீழ 'ஓகே'ல நிக்குது. ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் திரையில மாறுதுங்கறது) கோளாறா?

கரிசல்_கேமர்: இல்ல நண்பா. எந்த நோட்டு (அடிக்கச் சொல்ற குறி) எப்ப வரும்னு பாட்டு முழுக்க கேமுக்கு முன்கூட்டியே தெரியும். டிவி 80 மி.செ. தாமதிச்சா நோட்டை 80 மி.செ. முன்னாடியே அனுப்பிடும். 2008லயே ராக் பேண்ட் 2ங்கற இசை கேமோட கிட்டார்ல லைட் சென்சாரும் மைக்கும் இருந்துச்சு. டிவி முன்னாடி பிடிச்சா அதுவே அளந்துக்கும். சரியா அளந்து பாரு, போதும்.

அரைத்தாளம்: சீரான தாமதத்துக்குத்தான் அது மருந்து. பல ஆட்டங்கள் பட்டனை ஃப்ரேமுக்கு ஒரு தடவைதான் பார்க்கும். நொடிக்கு 30 ஃப்ரேம்னா 33 மி.செ. இடைவெளி. ஒரே மாதிரி அடிச்சாலும் ஒண்ணு 2 மி.செ., இன்னொண்ணு 30 மி.செ. தள்ளிப் பதிவாகும். ஓனியில 'குட்'டுக்கு இடமே முன்பின் 25 மி.செ.தான். அனாகத எடுப்புன்னா (தாளம் தொடங்கிக் கொஞ்சம் தள்ளிப் பாட்டு தொடங்கறது) சமாளிச்சுப் பாடலாம். தாளம் போடறவர் கையே ஆடினா?

கரிசல்_கேமர்: 60 ஃப்ரேம்ல அந்த ஏற்ற இறக்கம் 17 மி.செ.க்குள்ள அடங்கிடும். அதுக்குப் பாதி அடி போகாது.

வயர்_வைத்தி: ரெண்டு பேரும் ஒண்ணு கேட்கவே இல்லையே. தம்பி, சத்தம் எதுல வருது?

மத்தளக்காரன்: ப்ளூடூத் சவுண்ட்பார் அண்ணே.

வயர்_வைத்தி: அப்படிச் சொல்லு! பாட்டை முன்கூட்டி அனுப்பலாம். நீ அடிக்கிற 'டொன்' சத்தத்தை எப்படி அனுப்பறது? நீ எப்ப அடிப்பேன்னு அதுக்கு ஜோசியமா தெரியும்? 160 பிபிஎம் (நிமிஷத்துக்கு 160 தட்டு) பாட்டுல பதினாறாம் நோட்டு, அதாவது ஒரு தட்டுல கால் பங்கு, 94 மி.செ. ப்ளூடூத்தோட அந்த 180 தாமதத்துல உன் அடியோட சத்தம் கிட்டத்தட்ட ரெண்டு நோட்டு தள்ளிக் கேட்குது. காதை நம்பற கை தடுமாறத்தான் செய்யும். கிட்டார் ஆட்டத்துல இந்தக் குறை வெளிப்படாது, ஏன்னா அங்க பதிவான ட்ராக்தான் ஓடும், தவறினா மியூட் ஆகும். கேபிள் மாட்டு, டிவியில கேம் மோட் (தாமதத்தைக் குறைக்கிற செட்டிங்) போடு.

மத்தளக்காரன்: கேபிள் மாட்டினேன், முன்னைவிட மோசம்!

வயர்_வைத்தி: பழைய 180 அப்படியே இருக்கும். சைபர் ஆக்கிட்டு மறுபடி அள.

மத்தளக்காரன்: இப்ப 20தான் வருது. 'குட்' கொட்டுது அண்ணே. வேகமான இடத்துல மட்டும் இன்னும் 'ஓகே'.

அரைத்தாளம்: அதுதான் நான் சொன்ன ஃப்ரேம்.

கரிசல்_கேமர்: அது அவன் கை.