எலி உறையவில்லை, பயம் இருக்கிறதா?

முனைவர் பட்ட ஆய்வில் சிக்கி நிற்கிறேன். எட்டு விஸ்டார் இன ஆண் எலிகளுக்கு மூளைத்தண்டின் மேற்பகுதியில், நடுமூளைக் கால்வாயைச் சுற்றியுள்ள சாம்பல் பகுதியின் கீழ்ப்பக்கவாட்டில், மின்சாரத்தால் புண் ஏற்படுத்தினோம். 10 நாள் கழித்து ஒலியோடு பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினோம். மறுநாள் ஒலி கேட்டு ஒன்றுகூட உறையவில்லை, அதாவது பயத்தில் அசையாமல் நிற்கவில்லை. போலி அறுவை (புண் ஏற்படுத்தாமல் அறுவை மட்டும்) செய்த எலிகள் எல்லாம் உறைந்தன.

நடமாட்டம் பார்த்தோம், சரியாக இருக்கிறது. அதிர்ச்சிக்குத் துள்ளவும் செய்கின்றன. இரண்டு எலிகளின் மூளைச் சீவலில் புண் சரியான இடத்தில்தான் இருந்தது. அப்புறம் பதற்றத்தை அளக்க, உயரத்தில் வைத்த கூட்டல் வடிவப் பாதையிலும் விட்டோம், இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை.

இப்பகுதி சிதைந்தால் உறைதல் போனாலும், ஒலி கேட்டதும் இரத்த அழுத்தம் ஏறும் என்று 1988இல் நரம்பியல் ஆய்வாளர் லெடூவின் குழு காட்டியது. அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை. மீதி ஆறு எலிகளையும் வீணாக்க மனமில்லை.

உறைதலை நம்பாமல் பய நினைவைக் கண்டறிய எந்தச் சோதனை செய்யலாம்?