முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு இரவில் கூடும் வலி

கேள்வி:
மூட்டுத் தேய்மானத்தால் பல ஆண்டுகள் அவதிப்பட்ட என் அம்மாவுக்கு (வயது 68) வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இது மூன்றாவது வாரம். மருத்துவமனையில் முதல் நாள் வலியே தெரியவில்லை என்றார். இப்போது பகலில் வாக்கர் பிடித்து நடந்துவிடுகிறார்; இரவில்தான் தாங்க முடியாமல் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறார். பாராசிட்டமால் மாத்திரையையும் வலி உச்சத்துக்குப் போன பிறகே போடுகிறார். உறவினர்கள் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் சற்று அதிகம். வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?

பதில் 1 (இயன்முறை மருத்துவர்):
முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். காலை மடக்கி வைத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அதுவே பழகிவிட்டால் முழங்கால் முழுதாக நீளாமல் இறுகி, நடை கெட்டு, வலியும் நீடிக்கும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலை நீட்டிப் பழகச் சொல்லுங்கள். புதிய மூட்டைச் சுற்றி வீக்கமும் சூடும் இருக்கும் இந்த நிலையில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். தழும்பின் மேல் தைலமும் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி, பயிற்சி முடிந்ததும் படுக்கும் முன்பும் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும் என்பதால் இடையிடையே தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (மருந்தாளுநர்):
ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம் என்பதால், மருத்துவர் எழுதிய பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள். அதில் ஒரு வேளை, பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு அமைந்தால் நல்லது. பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது; உங்கள் அம்மாவின் வயதுக்கும் எடைக்கும் அதைவிடக் குறைவாகவே மருத்துவர் சொல்லக்கூடும். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் வலி மாத்திரைகள் பலவற்றில் அசெக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன; அதையும் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிவிடும். கிரியாட்டினின் கூடியவருக்கு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அசெக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவும் மருத்துவரைக் கேட்காமல் ஆகாது. டிராமடால் என்ற வீரியமான வலி மருந்தை எழுதியிருந்தால் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் வரலாம். இரவில் கழிவறைக்குத் தனியே விடாதீர்கள்.

பதில் 3:
முதல் நாள் வலி தெரியாததற்கு, தொடையில் நரம்புக்கும் மூட்டைச் சுற்றியும் போடும் மரத்துப்போகும் ஊசிகள் காரணமாக இருக்கலாம். என் அப்பாவுக்கும் அவற்றின் வீரியம் தீர்ந்த பிறகே உண்மையான வலி தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் இரவு வலி வழக்கமானதுதான். மூன்று மாதம் கடந்தும் குறையவில்லை என்றால், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிடாமல் அறுவை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.