கப்பலிலிருந்து ஆள் கடலில் விழுந்தால்: பார்த்தவர் என்ன செய்ய வேண்டும், கப்பல் என்ன செய்கிறது?

வெண்ணுரை கேட்டது:

வணக்கம். பெரிய பயணிகள் கப்பல்களில் ஒலிபெருக்கியில் "ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர், வலப்பக்கம்" என்று வந்தால் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள் என்பது தெரியும். அதற்கப்புறம் நடப்பதுதான் புரிவதில்லை. கப்பல் அங்கேயே நிற்காமல் ஏன் பெரிய வளைவு எடுத்துத் திரும்புகிறது? படகை இறக்க ஏன் அவ்வளவு நேரம்? தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே பயணிகளை அறைக்கு அனுப்பி அவர்களின் கப்பல் அட்டையை (அறைச்சாவியும் அடையாள அட்டையும் அதுதான்) ஸ்கேன் செய்வது எதற்கு? முக்கியமாக, விழுவதை ஒரு பயணி நேரில் பார்த்துவிட்டால் முதல் ஒரு நிமிடத்தில் அவர் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சுக்கான் பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது.

20 நாட் (மணிக்கு 20 கடல் மைல், சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் கப்பல் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஒரு நிமிடத்தில் 600 மீட்டர் தாண்டிவிடும். தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும்தான், ஒரு பந்து அளவு. லேசான அலையிலேயே அது மறைந்து மறைந்துதான் தெரியும். ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டால் மறுபடி அதே இடத்தைப் பிடிப்பது மிகக் கடினம்.

அதனால் விழுவதைப் பார்த்தவர் முதலில் தொண்டை கிழியக் கத்த வேண்டும்: "ஆள் கடலில்! வலப்பக்கம்!" பக்கத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். கப்பலின் முன்முனையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் எதுவோ அதுதான் வலப்பக்கம். பின்முனையைப் பார்த்து நின்றுகொண்டு அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. கத்தும்போதே கையை முழுதாக நீட்டி ஆளைச் சுட்டிக்காட்டுங்கள். அந்தக் கை இறங்கவே கூடாது. கப்பல் திரும்பும்போது உங்கள் உடம்பும் அதற்கேற்பத் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டு ஓடாதீர்கள். "எனக்குத் தெரிகிறது" என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உங்கள் கண்ணை எடுக்கலாம்.

உயிர்காப்பு வளையம் வீசுவதும் போன் செய்வதும் பக்கத்தில் இருப்பவர்களின் வேலை. தனியாக இருந்தால் கண்ணை எடுக்காமலே கைக்கெட்டும் வளையத்தை எறியுங்கள். தளத்தின் கைப்பிடி ஓரத்தில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு வளையங்கள் மாட்டியிருக்கும். சிலவற்றோடு ஒரு விளக்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரில் விழுந்து நிமிர்ந்ததும் அது தானாக எரியும், குறைந்தது 2 மணி நேரம். வளையத்தை மட்டும் உருவி எறிந்தால், இரண்டையும் இணைக்கும் சிறு கயிறு தாங்கியில் சிக்கி விளக்கு அங்கேயே நின்றுபோகும். இரவில் அந்த விளக்கு இல்லாத வளையத்தால் பெரிய பயன் இல்லை. விளக்கையும் சேர்த்து எடுத்து எறியுங்கள்.

ஆள்மேல் குறிபார்த்து எறியாதீர்கள். வளையம் இரண்டரை கிலோவுக்குக் குறையாது. 15 மீட்டர் உயரத்திலிருந்து அது தலையில் பட்டால் ஆள் மயங்கிவிடுவார். எட்டவில்லையே என்றும் விட்டுவிடாதீர்கள். அடுத்தடுத்து மிதக்கும் பொருள்களைப் போட்டுக்கொண்டே போனால் விழுந்த இடத்துக்கு ஒரு தடம் கிடைக்கும். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதையும் அவை காட்டும்.

போனில் பேசுகிறவர் அறை போனிலோ சுவர் போனிலோ ஒட்டியிருக்கும் அவசர எண்ணை அழைத்து நான்கே விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம், எந்தத் தளத்திலிருந்து, எத்தனை நிமிடத்துக்கு முன், இப்போது கண்ணுக்குத் தெரிகிறாரா. கடிகார மணியைச் சொல்லாதீர்கள். உங்கள் போன் ஒரு நேர மண்டலத்திலும் கப்பலின் கடிகாரம் வேறொன்றிலும் இருக்கலாம். ஒரு மணி நேர வித்தியாசம் என்றால் இருபது கடல் மைல் தள்ளித் தேட வேண்டிவரும்.

செய்யக் கூடாதவை: பின்னாலேயே குதிக்காதீர்கள், தேட வேண்டிய தலை இரண்டாகிவிடும். போன் திரை வழியாகப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், திரையில் அந்தத் தலை தெரியவே தெரியாது. இரவில் போன் விளக்கைக் கடல்மேல் அடிப்பதால் தூரத்தில் எதுவும் தெரியாது, பக்கத்தில் தேடுகிறவரின் கண்தான் கூசும். பால்கனி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும்.

நுரைத்தடம் பதில்:

கப்பல் ஏன் வளைந்து திரும்புகிறது என்பதை நான் சொல்கிறேன்.

தகவல் வந்த நொடியில் பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஜிபிஎஸ் கருவியிலும் மின்னணு வரைபடத்திலும் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கத் தனிப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துவார்கள். பிரிட்ஜின் இரு ஓரங்களிலும் உடனே கழன்று விழும்படி ஒரு கனமான வளையம் மாட்டியிருக்கும். ஊசியை இழுத்தால் அதன் எடையே விளக்கையும் புகைக்குடுவையையும் இழுத்துக்கொண்டு விழும். ஆரஞ்சுப் புகை குறைந்தது 15 நிமிடம் வரும். மூன்று நீண்ட ஊதல், ஆங்கில ஓ எழுத்துக்கான கொடி (மூலைவாட்டில் பிரிந்த சிவப்பும் மஞ்சளும்), விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் அறிவிப்பு, கரையிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் எல்லாம் தொடரும். ஆஸ்கர் என்பது அந்த ஓ கொடியின் பெயர்தான்.

இப்போது திருப்பம். எஞ்சினைப் பின்னோக்கி இயக்கினாலும் பெரிய கப்பல் நிற்பதற்குள் வெகுதூரம் போய்விடும். நின்றாலும் ஆள் பின்னால் எங்கோ இருப்பார். எப்படியும் திரும்பிப் போயே ஆக வேண்டும். அதற்கு மூன்று முறைகள் பழக்கத்தில் இருக்கின்றன.

ஆள் கண்ணுக்குத் தெரிகிறார் என்றால் ஒற்றைத் திருப்பம். ஆள் விழுந்த பக்கமே சுக்கானை முழுதாக ஒடித்து, 250 டிகிரி திரும்பியதும் சுக்கானை நேராக்கி நிறுத்தத் தொடங்குவார்கள். இருப்பதிலேயே வேகமானது இதுதான்.

இருட்டு, பனிமூட்டம், அல்லது தகவல் சற்றுத் தாமதமாக வந்தது என்றால் வில்லியம்சன் திருப்பம். விழுந்த பக்கம் முழுதாக ஒடித்து, பழைய திசையிலிருந்து 60 டிகிரி விலகியதும் எதிர்ப்பக்கம் முழுதாக ஒடிப்பார்கள். வந்த திசைக்கு நேர் எதிரான திசையை எட்ட 20 டிகிரி இருக்கும்போது சுக்கானை நேராக்கினால், கப்பல் தன் நுரைத்தடத்தின் மேலேயே திரும்பிப் போகும். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் ஆள் எங்கே என்று தெரியாதபோது, வந்த வழியை விட்டு விலகாமல் தேடுவதுதான் பெரிது.

எப்போது விழுந்தார் என்றே தெரியவில்லை, ஆளைக் காணோம் என்று மட்டும் தெரிகிறது என்றால் ஷார்னோவ் திருப்பம். அது 240 டிகிரி திரும்பிய பிறகு எதிர்ப்பக்கம் ஒடிப்பது. திருப்பத்தில் வீணாகும் தூரம் குறைவு, ஆனால் ஆள் பக்கத்திலேயே இருந்தால் பயன்படாது.

விழுந்த பக்கமே ஏன் சுக்கானை ஒடிக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். முன்முனை வலப்பக்கம் திரும்பினால் பின்முனை இடப்பக்கம் தள்ளிப்போகும், ப்ரொப்பல்லர் ஆளைவிட்டு விலகும். ஆனால் 300 மீட்டர் கப்பலின் நடுவிலிருந்து விழுந்தவரை 20 நாட்டில் பின்முனை கடக்க 15 நொடிகூட ஆகாது. பிரிட்ஜுக்குத் தகவல் போவதற்குள் அவர் பின்னால் போய்விட்டிருப்பார். பயணி பார்த்துச் சொல்லும் சம்பவங்களில் இந்தக் காரணம் பெரும்பாலும் ஏட்டளவில்தான்.

இன்னொன்று. உயரமான பயணிகள் கப்பலை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு சுக்கானை முழுதாக ஒடித்தால் கப்பல் வெளிப்பக்கம் பலமாகச் சாயும். 2006 ஜூலையில் புளோரிடாவின் போர்ட் கனாவரலிலிருந்து கிளம்பிய பயணிகள் கப்பலில் தவறான சுக்கான் இயக்கத்தால் சாய்வு 24 டிகிரி வரை போய், 298 பேர் காயப்பட்டார்கள். ஆகவே கேப்டன் முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு ஒடிப்பதும், குறைந்த கோணத்தில் ஒடிப்பதும் தயக்கம் அல்ல. அறிவிப்பு கேட்டதும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், படிக்கட்டில் நிற்காதீர்கள்.

காற்றுமறைவு பதில்:

படகைப் பற்றி. மீட்புப் படகை 5 நிமிடத்துக்குள் இறக்கும் நிலையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. 500 டன்னுக்கு மேற்பட்ட பயணிகள் கப்பலில் பக்கத்துக்கு ஒன்றாவது இருக்கும். தாமதம் பெரும்பாலும் படகால் வருவதில்லை, கப்பலின் வேகத்தால் வருகிறது. அமைதியான நீரில் 5 நாட் வரை போகும்போது இறக்கலாம் என்ற கணக்கில்தான் இந்த அமைப்பு செய்யப்படுகிறது. கப்பல் திரும்பி, வேகம் குறைந்து, ஆளுக்குக் காற்று வரும் பக்கமாகப் போய்த் தன் உடலையே மதில்போல் நிறுத்தி அலையை மறைத்துக் கொடுக்க வேண்டும். அந்த மறைவில்தான் படகு இறங்கும்.

இறக்கும்போது முன்கயிறு கப்பலின் முன்பக்கம் கட்டியே இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். படகு அலைமேல் ஏறி முழு எடையும் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் கொக்கியை விட வேண்டும். அலை தாழ்ந்த நேரத்தில் அவசரப்பட்டு விட்டால் படகு அப்படியே விழும். தாமதித்தால் அடுத்த அலை தாழும்போது கம்பி வெடுக்கென்று இழுத்து உள்ளே இருப்பவர்களைத் தூக்கி எறியும். கொக்கி கழன்றதும் முன்முனையை வெளியே திருப்பி, கடைசியாக முன்கயிற்றை விடுவார்கள். இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவது ஆபத்தானது. அலையில் எழும்பித் தாழும் படகில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் ஆடும் கனத்த இரும்புக் கட்டையைப் பிடித்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். கடல் மிகவும் கொந்தளித்தால் கேப்டன் படகை இறக்க மறுக்கலாம். ஒருவரை எடுக்கப் போய் மூவரை இழப்பதற்கு அவர் துணியக் கூடாது. அப்போது நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள பக்கவாட்டுக் கதவு, ஏறு வலை, சுருட்டித் தூக்கும் வலை இவைதான் வழி.

ஆளை நெருங்கியதும் ப்ரொப்பல்லர் சுழலக் கூடாது, கியர் நடுநிலைக்கு வர வேண்டும். தூக்கும்போது முடிந்தவரை படுக்கைவாட்டில் தூக்க வேண்டும். குளிர்ந்த நீரில் வெகுநேரம் கிடந்த உடலை நீர் அழுத்தம் தாங்கிக்கொண்டிருக்கும். செங்குத்தாக இழுத்தால் அந்த அழுத்தம் விலகி இரத்தம் காலுக்கு இறங்கும், பேசிக்கொண்டிருந்தவர் படகில் ஏறிய கையோடு சாயலாம். ஈர உடையை நீக்கிப் போர்த்த வேண்டும். கை காலைத் தேய்க்கக் கூடாது, சூடான குளியல் கூடாது, மது கூடவே கூடாது. நன்றாகத்தான் இருக்கிறார் என்று தோன்றினாலும், நீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்து வரலாம். மருத்துவரின் கண்பார்வையில்தான் வைக்க வேண்டும்.

விழுந்தவர் பக்கமும் கொஞ்சம்: 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டே நொடியில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார். அதில் பிழைத்தாலும், நீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தன்கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த நிமிடம் நீந்தப் பார்க்காமல் முகத்தை மேலே வைத்துக்கொண்டு மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில் கை கால் சொன்னபடி கேட்பது அடுத்த பத்து நிமிடம்தான். வளையத்தைப் பிடிப்பதென்றால் அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

வெண்ணுரை:

மூவருக்கும் நன்றி. அட்டை ஸ்கேன் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே? யாருமே பார்க்காமல் விழுந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சுக்கான் பதில்:

அட்டையை ஸ்கேன் செய்வது தலை எண்ணத்தான். பார்த்தவர் ஒருவர் விழுந்தார் என்பார், உண்மையில் விழுந்தது இருவராக இருக்கலாம், அல்லது வெறும் நாற்காலியாக இருக்கலாம். யார் என்று தெரிந்தால்தான் அவர் அட்டையைக் கடைசியாக எப்போது, எங்கே பயன்படுத்தினார் என்று பார்த்து, அந்த நேரத்துக் கேமராப் பதிவைத் தேட முடியும். ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவு அப்போதுதான் ஒரு சில மணி நேரமாகச் சுருங்கும். ஆகவே அறைக்குப் போகச் சொன்னால் உடனே போங்கள். நீங்கள் மதுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டால் காணாமல் போனவர் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்து தேடுகிறவர்களின் நேரத்தைத் தின்னும். ஆளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் மட்டும் விதிவிலக்கு. ஊழியர் வந்து பார்வையை ஏற்றுக்கொள்ளும் வரை அவர் நகரக் கூடாது.

விழும்போதே கண்டுபிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன: வெப்பக் கேமரா, ரேடார், படத்தைத் தானே அலசும் மென்பொருள். அமெரிக்காவின் 2010 சட்டம், தொழில்நுட்பம் கிடைக்கும் அளவுக்கு இவற்றைப் பொருத்தச் சொல்கிறது. கைப்பிடி உயரம் குறைந்தது 42 அங்குலம் என்பதும் அதில்தான் இருக்கிறது. இவற்றுக்கென்று ஐஎஸ்ஓ 21195 என்ற தரம் 2020இல் வந்தது. சிக்கல் பொய் எச்சரிக்கைதான். பறவையும் அலைத்துளியும் மேல்தளத்திலிருந்து விழும் துண்டும் அலாரத்தை அடிக்கவைத்தால், நாளடைவில் அலாரத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

நுரைத்தடம் பதில்:

ஒன்று சேர்க்கிறேன். விழுந்து ஆறு மணி நேரம் ஆனது என்று கேமராவில் தெரிந்தால், கப்பல் அந்த இடத்துக்கே போய்த் தேடுவதில்லை. 1 நாட் நீரோட்டம் என்றால் ஆள் ஆறு கடல் மைல் தள்ளிப் போயிருப்பார், காற்றின் தள்ளல் தனி. அப்படிக் கணக்கிட்ட புள்ளியிலிருந்து விரியும் சதுரமாகவோ, இடம் ஓரளவு உறுதி என்றால் 120 டிகிரி திருப்பங்களோடு அதே புள்ளியை மறுபடி மறுபடி குறுக்கே கடக்கும் முறையிலோ தேடுவார்கள். பல கப்பல்கள் சேர்ந்தால் இணைகோடுகளில் போவார்கள்.

வெதுவெதுப்பான கடலில் நேரம் கடந்துவிட்டதே என்று கைவிடுவதில்லை. 2018 ஆகஸ்டில் குரோவேஷியா அருகே அட்ரியாட்டிக் கடலில் ஒரு பெண்ணைச் சுமார் பத்து மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். 2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் ஒருவரை 15 மணி நேரத்துக்கு மேல் கழித்து எடுத்தார்கள். அந்த வளைகுடாச் சம்பவத்தில் முதலில் கண்டது அவ்வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல். தேடும் பகுதியில் போகும் எல்லாக் கப்பல்களுக்கும் கரை மையம் அறிவிப்பு அனுப்புவது இதற்காகத்தான்.