ஏஈ86 பின்பக்க லிங்குகளை யாழ்ப்பாணத்திலேயே செய்விக்கலாமா?

நல்லூர்86:
வணக்கம். என்னிடம் 1985 ஆம் ஆண்டு ரொயோட்டா ஏஈ86 கார் ஒன்று இருக்கிறது. பின்னுக்கு ஒற்றை அச்சு, அதைக் காரோடு பிடிக்க நீளவாட்டில் நாலு லிங்க் (கம்பி), குறுக்கே ஒரு லட்ரல் றொட். ஸ்பிரிங்கை மாற்றி 40 மி.மீ. இறக்கிய பிறகு ஒரு பக்கச் சில்லு மட்கார்ட்டுக்குக் கிட்டப் போய்விட்டது, அளந்து பார்த்தால் 5 மி.மீ. வித்தியாசம், அதோடு 80க்கு மேல் போனால் காலுக்குக் கீழே ஒரு அதிர்வும் வருகிறது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லிங்குகளை யப்பானில் இருந்து எடுப்பிக்க என்னிடம் காசு இல்லை. இங்கே ஒரு லேத் பட்டறையில் ஐந்தையும் செய்வித்தால் நம்பி ஓடலாமா? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கோ.

கோண்டாவில் லேத்:
செய்யலாம் தம்பி, ஆனால் ஐந்தும் தேவையில்லை. லட்ரல் றொட்டின் ஒரு நுனி காரின் பொடியில் (உடலில்), மற்ற நுனி அச்சில். கார் பதியப் பதிய அது கிடைக்கு வந்து அச்சைப் பக்கவாட்டில் தள்ளும், உங்கள் 5 மி.மீ. அங்கிருந்துதான் வருகிறது. அதிர்வுக்கு டிபரன்ஷல் மூக்கின் (புரொப்பெல்லர் ஷாப்ட் வந்து பூட்டுகிற முன்பக்கம்) கோணம் மாறினது காரணமாக இருக்கலாம். மேல் லிங்க் இரண்டையும் நீட்டினால் மூக்கு மேலே எழும்பும், குறைத்தால் கீழே போகும். பழைய ஸ்பிரிங்கில் இருந்த கோணத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் நோக்கம். அதுக்கு முதல் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் நடு பெயரிங் ரப்பரைப் பாருங்கோ, அது பழசானாலும் இதே அதிர்வு வரும். கீழ் லிங்கில் கை வைக்காதீர்கள், புது ரப்பர் புஷ் போட்டால் காணும்.

குழாய்க்கு ஜிஐ பைப் (நாகம் பூசின தண்ணீர்க் குழாய்) வேண்டவே வேண்டாம். தையல் இல்லாத இரும்புக் குழாய், வெளி விட்டம் 30 மி.மீ. அளவு, சுவர் 3 மி.மீ.க்குக் குறையாமல். ஒரு நுனிக்கு வலதுபுரி, மற்றதுக்கு இடதுபுரி போட்டால் காரில் இருந்து கழற்றாமலே குழாயைத் திருப்பி நீளத்தை மாற்றலாம். எங்கள் பக்கத்தில் எல்லாப் பட்டறையிலும் இடதுபுரி டப் (புரி வெட்டுகிற கருவி) இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கோ.

நல்லூர்86:
நன்றி அண்ணை. குழாய் நுனியில் ஹைரென்சைல் (பலம் கூடின) நட் ஒன்றை வைத்து வெல்டிங்கில் ஒட்டிவிட்டால் லேத் வேலையே இல்லை என்று ஒருவர் சொன்னார். அது சரிவருமா?

வடமராட்சியான்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் செய்து பட்டவன். ஹைரென்சைல் நட் பதம் போட்ட இரும்பு, வெல்டிங் சூடு பட்டதும் அந்தப் பதம் கெட்டு ஒட்டின ஓரத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். என்னுடையது நாலு மாதம் ஓடியது. பருத்தித்துறை வீதியில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்க மேல் லிங்க் ஒட்டோடு விட்டுப்போய், அச்சு முறுகி, வண்டி எதிர்ப்பக்கம் இழுத்தது. எதிரே வாகனம் இல்லாததால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். கழற்றிப் பார்த்தபோது வெடிப்பின் பாதி கறுத்துத் துருப்பிடித்து இருந்தது, பாதிதான் புதுசாக மினுங்கியது. அதாவது பல வாரமாக அது வெடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, மேலே அடித்த பெயின்ட் மறைத்துவிட்டது.

இரண்டாம் முறை சாதாரண மைல்ட் ஸ்டீலில் லேத்தில் புஷ் கடைந்து, குழாய்க்குள் 30 மி.மீ. உள்ளே போகிற மாதிரி இறுக்கமாக ஏற்றி, நுனியைச் சுற்றி ஒட்டி, குழாயின் பக்கத்தில் இரண்டு துளை போட்டு அதன் வழியாகவும் ஒட்டினோம். எம்16 (16 மி.மீ. விட்டப்) புரி என்றால் றொட் எண்ட் (உருண்டை மூட்டு வைத்த நுனி) குறைந்தது 24 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். ஒட்டின இடத்தில் வெடிப்பைக் காட்டுகிற சிவப்புச் சாயம் அடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெயின்ட், அதுவும் மெல்லிசாக.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓஸ்ரின் கார் ஓட்டிய ஊர் இது. எங்கள் லேத்காரர்களின் கைத்திறனில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் கார்பரேட்டரில் பிழை விட்டால் வண்டி நின்றுபோகும், லிங்கில் பிழை விட்டால் நிற்காது.

கோண்டாவில் லேத்:
வடமராட்சியான் சொன்னதை அப்படியே எடுங்கோ. இன்னும் சில விஷயம். லிங்க் நேராக இருக்க வேண்டும், வளைத்தால் இழுவையும் தள்ளலும் மட்டும் தாங்கவேண்டிய குழாய் வளைவையும் தாங்கவேண்டி வரும். றொட் எண்ட்டை அச்சுப் பக்கம் மட்டும் போட்டு, பொடிப் பக்கம் ரப்பர் புஷ் விடுங்கோ, இல்லையென்றால் ஒழுங்கைக் குழி ஒவ்வொன்றும் காதுக்குள் கேட்கும். அப்படி விட்டால் குழாய் அந்த நுனியில் சுழலாது, திருப்புகிற கதையை மறந்துவிட்டு போல்ட்டைக் கழற்றி றொட் எண்ட்டைத் திருகுங்கோ, இடதுபுரியும் தேவைப்படாது. புரி இடைவெளி 1.5 மி.மீ. என்றால் அரைச் சுற்றுக்கு முக்கால் மி.மீ. மாறும். உப்புக் காற்றுக்கும் செம்மண் தூசிக்கும் ரப்பர் உறை கட்டாயம். வெளிப்பக்கம் ஒரு பெரிய வொஷர் போட்டால் உருண்டை கழன்றாலும் லிங்க் கழன்று விழாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஜக்கில் தூக்கி வைத்து இறுக்காதீர்கள், சில்லு நிலத்தில் இருக்க, காரின் பாரம் அதில் இருக்க இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் முறுகியபடியே இருந்து கிழியும்.

நல்லூர்86:
சரி, மேல் லிங்க் இரண்டும் லட்ரல் றொட்டும் போட்டாயிற்று. முன் சில்லில் இருந்து பின் சில்லு வரை இரண்டு பக்கமும் தங்கூசி (நைலோன் நூல்) கட்டிப் பார்த்தேன், லட்ரல் றொட்டை மூன்று முறை திருகின பிறகு அச்சு நடுவுக்கு வந்துவிட்டது, இரண்டு பக்கமும் 1 மி.மீ.க்குள். நடு பெயரிங் ரப்பரும் கிழிந்துதான் இருந்தது, அதையும் மாற்றினேன். நேற்று அதிகாலை பலாலி வீதியில் 80ஐத் தாண்டி ஏற்றினேன், அதிர்வு இல்லை. 500 கி.மீ. ஓடின பிறகு லொக் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, ஒட்டுகளுக்கு இன்னொரு முறை சாயம் அடித்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.