தொகுப்பாளர் தயாரிப்பாளராக மாறுவது எப்படி?

வணக்கம். 7 ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் தொகுப்பாளராக இருக்கிறேன். நேரலை, சமையல், பேட்டி எல்லாம் செய்தாயிற்று. காதுக்கருவியில் இயக்குநர் நொடிகளை எண்ணும்போதே விருந்தினரின் பேச்சை அவர் மனம் கோணாமல் முடித்துவைக்கத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நடப்பதில்தான் பாதி புரிவதில்லை.

இப்போது அரை மணி நேரப் பேட்டித் தொடர் ஒன்றை நானே தயாரிக்க விரும்புகிறேன். விளம்பர இடைவேளை போனால் சுமார் 22 நிமிடம்தான் கையில் நிற்கும். அதற்கான நிகழ்ச்சி நிரல் தயார். பட்ஜெட்தான் இடிக்கிறது. படத்தொகுப்பு, இசை உரிமம், பழைய காட்சிகளுக்கான அனுமதி ஆகியவற்றுக்கு என்ன விகிதத்தில் ஒதுக்குவீர்கள்? மாதிரி அத்தியாயத்தோடு சேனலை அணுகுவதா, இரண்டு பக்கக் கருத்துரு போதுமா? (தெரிந்த முகம் என்பதால் யாரும் என்னிடம் உண்மையைச் சொல்வதில்லை.)

இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தவர்கள் தங்கள் பட்ஜெட் தாளின் தலைப்புகளையாவது பகிர முடியுமா? தொகை வேண்டாம்.